ஸ்கோர் 25-க்கு எத்தனை: வைரஸ் நிமோனியாவும் சி.டி. ஸ்கேனும்

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலை. வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் நோயாளியைப் பற்றிய விசாரிப்பு ஒரே மாதிரிதான் இருந்தது. "ஸ்கேன் எடுத்தாச்சாண்ணே? ஸ்கோர் எவ்ளோ?" சி.டி. ஸ்கேனைப் பார்த்து, நுரையீரலில் எவ்வளவு நிழல் என்று 25-க்குப் போடும் மதிப்பெண் அது. 6 என்றால் நிம்மதி. 18 என்றால் ஆஸ்பத்திரியில் படுக்கை தேடி ஓட்டம். நோயாளிக்கு மூச்சு வாங்குகிறதா, ஆக்சிமீட்டர் என்ன காட்டுகிறது, காய்ச்சல் வந்து எத்தனை நாள் ஆகிறது என்பதெல்லாம் அப்புறம்தான். சில வீடுகளில் அதைக் கேட்கவே இல்லை.

அலை ஓய்ந்துவிட்டது, ஸ்கோர் கேட்கும் பழக்கம் ஓயவில்லை. 2023 மார்ச்சில் எச்3என்2 காய்ச்சல் பேச்சாக இருந்தபோதும், 2025 ஜனவரியில் எச்.எம்.பி.வி. என்ற சளி வைரஸ் பற்றிய செய்திகள் வந்தபோதும், இரண்டு நாள் இருமலுக்கே "ஒரு சி.டி. எடுத்துப் பாத்துடலாமா டாக்டர்?" என்று கேட்டவர்கள் உண்டு. கேட்பதில் தவறில்லை. அந்த ஸ்கேன் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும், எதற்குச் சொல்லாது என்று தெரிந்துகொண்டு கேட்டால் நல்லது. ஸ்கேன் எடுக்கும் அன்றைக்கு நுரையீரலில் எவ்வளவு இடத்தில் நிழல் விழுந்திருக்கிறது என்பதை அது நன்றாகச் சொல்லும். அந்த நிழல் வைரஸால் வந்ததா என்பதை ஓரளவுக்குத்தான் சொல்லும். ஆள் பிழைப்பாரா, ஆக்சிஜன் தேவைப்படுமா, எந்த மருந்து கொடுக்கலாம் என்பதை அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

கருவி என்ன பார்க்கிறது

சாதாரண எக்ஸ்ரேயில் நெஞ்சுக்கூடு, இதயம், நுரையீரல், முதுகெலும்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தாளில் விழுகின்றன. இதயத்துக்குப் பின்னாலும் உதரவிதானத்துக்குக் கீழாகவும் இருக்கும் நுரையீரல் பகுதி மறைந்துபோகும். சி.டி.யில் எக்ஸ்ரே குழாய் உடலைச் சுற்றி வருகிறது. பல கோணங்களில் கிடைத்த அளவுகளைக் கணினி சேர்த்து, சுமார் 1 மில்லிமீட்டர் தடிமனில் குறுக்கு வெட்டுப் படங்களாகத் தருகிறது. எச்.ஆர்.சி.டி. என்று சீட்டில் எழுதித் தருவது இப்படி மெல்லிய வெட்டுகளாக எடுப்பதைத்தான். நிமோனியாவைப் பார்க்க நரம்பில் மருந்து ஏற்ற வேண்டியதில்லை, 'பிளெயின்' போதும்.

இங்கிலாந்துப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவியில் 1971-இல் முதல் நோயாளிக்கு, மூளையைத்தான், படம் எடுத்தார்கள். 1979-இல் ஆலன் கார்மாக்குடன் சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. திசுவின் அடர்த்தியை அவர் பெயரால் ஆன அலகில்தான் இன்றும் அளக்கிறார்கள். தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்த ஆரோக்கியமான நுரையீரல் மைனஸ் 850-ஐ ஒட்டி இருக்கும், ஏனென்றால் அதில் பெரும்பகுதி காற்று. காற்றுப்பைகள் முழுக்க சீழோ நீரோ நிரம்பிவிட்டால் அந்த இடம் தசையைப் போல வெள்ளையாகத் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் வைரஸ் நிமோனியா பேச்சில் எல்லோருக்கும் அறிமுகமான 'கிரவுண்ட் கிளாஸ்'. தேய்த்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல ஒரு சாம்பல் மங்கல். ஆனால் அதற்குள் ஓடும் ரத்தக் குழாய்கள் இன்னும் தெரியும். குழாய்களும் மறைந்து வெள்ளைக் கட்டியாகிவிட்டால் அதை 'கன்சாலிடேஷன்' என்பார்கள். மங்கலுக்கு மேல் வலைப்பின்னல் போலக் கோடுகள் சேர்ந்தால் 'கிரேஸி பேவிங்'. ரிப்போர்ட்டில் மிரட்டும் இந்தச் சொற்கள் மூன்றும் காற்று எவ்வளவு குறைந்திருக்கிறது, நுரையீரலின் சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது என்பதைத்தான் சொல்கின்றன.

வைரஸுக்கும் மங்கலுக்கும் என்ன சம்பந்தம்? நியுமோகாக்கஸ் போன்ற பாக்டீரியா பெரும்பாலும் ஒரு மடலை, அதாவது நுரையீரலின் ஒரு பிரிவைப் பிடித்து, அங்குள்ள காற்றுப்பைகளைச் சீழால் நிரப்பும். வைரஸ் பல இடங்களில் ஒரே சமயத்தில் காற்றுப்பைகளின் மெல்லிய சுவரைத் தாக்குகிறது. சுவர் வீங்கும், கொஞ்சம் நீர் கசியும், பை முழுதாக நிரம்பாது. அதனால்தான் இரண்டு பக்கமும், திட்டுத்திட்டாக, அரைகுறை அடர்த்தியில் நிழல் தெரிகிறது. கொரோனாவில் இது நுரையீரலின் ஓரங்களிலும், கீழ் மடல்களிலும், முதுகுப் பக்கத்திலும் அதிகம்.

எல்லா வைரஸும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பதில்லை. அடினோ வைரஸ் சில சமயம் ஒரு மடலையே வெள்ளையாக்கி பாக்டீரியா போல நடிக்கும். குழந்தைகளைப் பிடிக்கும் ஆர்.எஸ்.வி. மூச்சுக்குழாய்களைச் சுற்றியே அதிகம் தெரியும். பெரியவர்களுக்குச் சின்னம்மை வந்து அது நெஞ்சுக்கு இறங்கினால், 1 முதல் 10 மில்லிமீட்டர் வரையிலான சின்னச் சின்ன உருண்டைகள் நுரையீரல் முழுக்கச் சிதறிக் கிடக்கும். ஆறிய பிறகு அவற்றில் சில சுண்ணாம்பு படிந்து வருடக்கணக்கில் நிற்கும். வேறு எதற்கோ பிற்பாடு எடுக்கும் எக்ஸ்ரேயில் இதைப் பார்த்துவிட்டு "முன்னாடி டி.பி. இருந்துச்சா?" என்று டாக்டர் கேட்பதற்கு இது ஒரு காரணம்.

இங்கே ஒரு சின்ன விஷயம், ஸ்கேன் அறையில் பலரும் கவனிக்காதது. 'மூச்சை இழுத்துப் பிடிங்க' என்று ஒலிபெருக்கியில் வரும் குரல் சடங்குக்காகச் சொல்லப்படுவதில்லை. மூச்சை வெளியே விட்ட நிலையில் படம் எடுத்தால் ஆரோக்கியமான நுரையீரலே மங்கலாகத் தெரியும். மல்லாந்து படுத்திருப்பதால் முதுகுப் பக்கம் அமுங்கிக் கொஞ்சம் நிழல் விழுவதும் சகஜம், சந்தேகம் வந்தால் குப்புறப் படுக்க வைத்து இன்னொரு முறை எடுப்பார்கள். இருமிக்கொண்டே இருப்பவர், மூச்சுப் பிடிக்க முடியாத வயதானவர் ஆகியோரின் படத்தில் மிக லேசான மங்கல் என்று எழுதியிருந்தால் அதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும்.

எந்த நாளில் எடுத்தது

காய்ச்சல் வந்த அன்றே எடுத்த ஸ்கேனும் எட்டாம் நாள் எடுத்த ஸ்கேனும் ஒரே நோயைக் காட்டுவதில்லை. 2020-இல் சீனாவில் 121 கொரோனா நோயாளிகளின் ஸ்கேன்களை ஆராய்ந்தார்கள். அறிகுறி தொடங்கி 2 நாளுக்குள் எடுக்கப்பட்ட 36 பேரில் 20 பேருக்கு நுரையீரல் சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தமான ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு 'எனக்கு ஒண்ணும் இல்ல' என்று வேலைக்குப் போனவர், அடுத்த வாரம் மூச்சுத்திணறலோடு வந்து சேர்வது இப்படித்தான். வூஹானின் இன்னொரு ஆய்வில், நோய் கடுமையாகாத 21 பேரைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து பார்த்தார்கள். நிழல் சுமார் 10-ஆம் நாளில் உச்சத்துக்குப் போய், 14-ஆம் நாளுக்குப் பிறகு வடியத் தொடங்கியது.

ஆகவே 4-ஆம் நாளில் ஸ்கோர் 5 என்றிருந்து, 9-ஆம் நாளில் 11 ஆனால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று பதறத் தேவையில்லை. நோய் தன் போக்கில் போயிருக்கலாம். அதே போல 13-ஆம் நாளில் மூச்சு சீராகி ஆள் நடமாடிக்கொண்டிருக்கும்போது ஸ்கோர் இன்னும் 12 என்று இருப்பதும் நடக்கும். உடம்பு தேறிய பிறகும் படம் தேற நாளாகும். ஸ்கோரைச் சொல்பவர் கூடவே எத்தனையாவது நாள் என்பதையும் சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பாதி அர்த்தம்தான்.

இது வைரஸ்தான் என்று ஸ்கேன் சொல்லுமா

இந்தக் கேள்வியில்தான் உலகமே ஒரு முறை தடுமாறியது. 2020 பிப்ரவரியில் வூஹானில் பி.சி.ஆர். பரிசோதனைக்குப் பெரும் நெருக்கடி. ஸ்கேனில் நிழல் இருந்தாலே கணக்கில் சேர்க்கலாம் என்று ஹூபெய் மாகாணம் முடிவெடுத்ததும், பிப்ரவரி 12 அன்று ஒரே நாளில் சுமார் 15,000 பேர் பட்டியலில் சேர்ந்தார்கள். அதே மாதம் 1,014 பேரை வைத்து வூஹானிலிருந்து வந்த ஆய்வு, பி.சி.ஆர். பாசிட்டிவ் ஆனவர்களில் 97 சதவீதம் பேரை சி.டி. கண்டுபிடித்துவிடுகிறது என்றது. இந்த 97 உலகம் சுற்றியது. அதே ஆய்வில் இருந்த இன்னொரு எண் அவ்வளவாகச் சுற்றவில்லை: பி.சி.ஆர். நெகட்டிவ் ஆனவர்களிலும் 75 சதவீதம் பேருக்கு ஸ்கேன் 'பாசிட்டிவ்' என்றே வந்தது. அவர்களில் சிலருக்கு உண்மையிலேயே கொரோனா இருந்து பி.சி.ஆர். தவறவிட்டிருக்கலாம். எல்லோருக்கும் அப்படியா என்றால், இல்லை. வயதுக்கும் புகைக்கும் வேறு தொற்றுக்கும் நுரையீரலில் நிழல் விழத்தான் செய்யும். 2020 மார்ச்சிலேயே அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி, சி.டி.யை முதல் பரிசோதனையாகவோ கூட்டத்தைச் சலித்தெடுக்கும் சோதனையாகவோ வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டது.

பிறகு வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வு நிதானமான கணக்கைத் தந்தது. நோய் உள்ளவர்களில் சுமார் 87 சதவீதம் பேரை சி.டி. பிடிக்கிறது, நோய் இல்லாதவர்களில் சுமார் 78 சதவீதம் பேரைச் சரியாக 'இல்லை' என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதை நம் தெருவுக்குக் கொண்டுவந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அலை உச்சத்தில் இருக்கிறது, காய்ச்சலோடு வரும் 1,000 பேரில் 500 பேருக்குக் கொரோனா என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேன் 435 பேரைச் சரியாகப் பிடிக்கும். கொரோனா இல்லாத 500 பேரில் 110 பேரைத் தவறாகப் பிடிக்கும். பாசிட்டிவ் என்று வந்தவரில் ஐந்தில் நான்கு பேருக்கு உண்மையிலேயே நோய். மோசமில்லை, பி.சி.ஆர். முடிவு வர நாளாகும் காலத்தில் இது கைகொடுக்கும். இப்போது அலை இல்லாத ஒரு நவம்பர் மாதம். மழை, டெங்கு, சளிக்காய்ச்சல், எல்லாம் கலந்து வரும் 1,000 பேரில் கொரோனா 50 பேருக்குத்தான். ஸ்கேன் அதில் 43, 44 பேரைப் பிடிக்கும். மீதி 950 பேரில் 209 பேரைத் தவறாகக் கைகாட்டும். பாசிட்டிவ் என்று சொல்லப்பட்ட 250 சொச்சம் பேரில் ஆறில் ஒருவருக்குத்தான் கொரோனா. கருவியும் அதேதான், படிப்பவரும் அவரேதான். ஊரில் நோய் எவ்வளவு இருக்கிறது என்பது மாறியதும் ரிப்போர்ட்டின் நம்பகம் தலைகீழாகிவிட்டது. 2021 மே மாதத்துப் பழக்கத்தை இன்றைக்கும் தொடரக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

வட சென்னை நெஞ்சு

மேலே சொன்ன கணக்கு எந்த ஊருக்கும் பொருந்தும். வட சென்னைக்கு அதோடு சொந்தச் சிக்கல்கள் சில உண்டு. எண்ணூர் பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பல், மணலியின் ஆலைப் புகை, துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகை, அதற்கு மேல் பீடி சிகரெட். இங்கே 50 வயதைத் தாண்டிய மூட்டை தூக்கும் தொழிலாளியின் நுரையீரல் பாடப்புத்தகப் படம் போல இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதில் பழைய தழும்பும், பொத்தலும், தடித்த மூச்சுக்குழாயும் ஏற்கெனவே இருக்கும். காய்ச்சல் வந்த அன்று எடுக்கும் ஸ்கேன் இவற்றையும் சேர்த்துத்தான் காட்டும்.

டி.பி. இன்னொன்று. டி.பி.யை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1950-களின் கடைசியில் உலகத்துக்கு நிரூபித்த ஆய்வு நடந்தது மெட்ராஸில்தான், இன்று சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தால். ஓட்டேரியில் நெஞ்சு நோய்க்கென்றே ஓர் அரசு மருத்துவமனை இருக்கிறது. இவ்வளவு இருந்தும் நோய் ஊரை விட்டுப் போகவில்லை. மேல் மடலில் குழி, துளிர் விட்ட கிளை போலச் சின்னப் புள்ளிகள் என்று ரிப்போர்ட்டில் இருந்தால் வைரஸ் என்று நினைத்து இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். கொரோனாக் காலத்தில் எல்லா இருமலையும் கொரோனா என்று எடுத்துக்கொண்டதில் டி.பி. கண்டுபிடிப்பு நாடு முழுக்கவே பின்தங்கியது.

மூன்றாவது, மழைக்கால எலிக்காய்ச்சல். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்தவருக்குச் சில நாள் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, அப்புறம் மூச்சுத்திணறல். எலிக்காய்ச்சல் கடுமையானால் நுரையீரலுக்குள் ரத்தம் கசியும், ஸ்கேனில் அதுவும் இரண்டு பக்கமும் கிரவுண்ட் கிளாஸ் மங்கலாகவே தெரியும். இதற்கு ஆன்டிபயாடிக் உண்டு, நேரத்தில் கொடுத்தால் பிழைப்பார். 'வைரல் நிமோனியா' என்று எழுதிய ரிப்போர்ட்டை மட்டும் நம்பினால் அந்த நேரம் போய்விடும். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தாலும் அதே மங்கல்தான். ஆனால் அது ஓரத்தைவிட நடுப்பகுதியில் அதிகமாக இருக்கும், இதயம் பெருத்திருக்கும், நெஞ்சுக்கூட்டில் இருபுறமும் நீர் தேங்கியிருக்கலாம். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவருக்கு அந்த மாத்திரையாலேயே இப்படி ஆவது உண்டு. கதிரியக்க நிபுணர் இருட்டறையில் படத்தை மட்டும் பார்க்கிறார். வெள்ளத்தில் நடந்தாரா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், கால் வீங்கியிருக்கிறதா என்பதை ஸ்கேன் சீட்டில் யாராவது எழுதினால்தான் அவருக்குத் தெரியும். 'ஜுரம், இருமல்' என்று இரண்டே சொல் எழுதிய சீட்டுக்கு அதற்கேற்ற ரிப்போர்ட்தான் வரும்.

ஸ்கோரின் உள்கணக்கு

சரி, அந்த 25 எங்கிருந்து வருகிறது? வலது நுரையீரலில் 3 மடல், இடதில் 2, ஆக 5. ஒவ்வொரு மடலிலும் எவ்வளவு பகுதி நிழல் என்று கண்ணால் மதிப்பிட்டு மதிப்பெண் போடுகிறார்கள். 5 சதவீதத்துக்குள் என்றால் 1. அதிலிருந்து 25 வரை 2, 50 வரை 3, 75 வரை 4, அதற்கு மேல் 5. ஐந்து மடலையும் கூட்டினால் 25-க்கு இத்தனை. பல இடங்களில் 7 வரை லேசானது, 8 முதல் 17 வரை நடுத்தரம், 18-உம் அதற்கு மேலும் கடுமை என்று பிரித்தார்கள். சில இடங்களில் கோடு கொஞ்சம் முன்பின்னாக இருந்தது. 40-க்கு மதிப்பெண் போடும் வேறொரு முறையும் உண்டு. ஒரு சென்டரின் 16-ஐயும் இன்னொரு சென்டரின் 16-ஐயும் ஒப்பிடுவதற்கு முன்னால் எத்தனைக்கு என்று பார்ப்பது அவசியம்.

இப்போது மக்கள் போட்ட கணக்கைப் பாருங்கள். "ஸ்கோர் 10ங்க, 25-க்கு 10, லங்ஸ்ல 40 பர்சென்ட் போச்சு." இது தப்பு. ஐந்து மடலிலும் தலா 6 சதவீதம் மட்டும் நிழல் இருந்தால்கூட ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், மொத்தம் 10. உண்மையில் பாதித்தது நுரையீரலில் 6 சதவீதம்தான். 40 அல்ல. எதிர்ப்பக்கமும் உண்டு. ஐந்து மடலிலும் துளித்துளியாக நிழல் இருந்தால் ஸ்கோர் 5. ஒரே ஒரு கீழ் மடல் முக்கால்வாசிக்கு மேல் அடைத்துக்கொண்டு மற்றவை சுத்தமாக இருந்தாலும் ஸ்கோர் அதே 5. இரண்டும் ஒரே நோயாளி ஆக முடியாது. வலதின் நடு மடல் சின்னது, கீழ் மடல் பெரியது. கூட்டலில் இரண்டுக்கும் சம மரியாதை. லேசான மங்கலுக்கும் முழு வெள்ளைக்கும் இந்த முறையில் வித்தியாசமும் இல்லை. 24 சதவீதமா 26 சதவீதமா என்று கண்ணால் பார்த்துச் சொல்வதில் இரண்டு டாக்டர்களுக்குள் ஓரிரு மதிப்பெண் வேறுபடுவது இயல்பு. மென்பொருள் கொண்டு அளந்தால் சதவீதம் துல்லியமாக வரும். ஆனால் தழும்பையும் நீரையும் நோய் என்று எண்ணிவிடும் அபாயம் அதற்கும் உண்டு.

ஸ்கோரோடு சேர்ந்து குழப்பிய இன்னொன்று 'கோ-ராட்ஸ்'. நெதர்லாந்துக் கதிரியக்க நிபுணர்கள் 2020 மார்ச்சில் வகுத்தது. 1 என்றால் கொரோனாவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, 5 என்றால் மிக அதிகம், பி.சி.ஆரில் உறுதியாகிவிட்டால் 6. இது சந்தேகத்தின் அளவு, கடுமையின் அளவு இல்லை. 'கோ-ராட்ஸ் 5' என்று பார்த்துவிட்டு ஐந்தாம் கட்டம் என்று அழுத குடும்பங்கள் உண்டு. ஸ்கோர் 3 உள்ளவருக்கும் கோ-ராட்ஸ் 5 வரும்.

என்னைக் கேட்டால், இந்த எண்ணை ரிப்போர்ட்டின் கடைசியில் தடித்த எழுத்தில் அச்சடித்து நோயாளியின் கையில் கொடுத்ததே தேவையில்லாத வேலை. டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருந்த சுருக்கெழுத்து அது. பரீட்சை மார்க் பார்த்தே பழகிய நம் ஊரில் அது வேறு உயிரெடுத்துவிட்டது.

கடுமையை எதை வைத்து அளப்பது

டயமண்ட் பிரின்சஸ் என்ற பயணிகள் கப்பலில் கொரோனா தொற்று ஏற்பட்ட 104 பேரின் ஸ்கேன்களை ஜப்பானில் பார்த்தார்கள். அவர்களில் 76 பேருக்கு எந்த அறிகுறியும் இல்லை. அந்த 76 பேரில் 41 பேருக்கு, அதாவது 54 சதவீதத்தினருக்கு, நுரையீரலில் நிழல் இருந்தது. இருமல்கூட இல்லாதவருக்கு நிமோனியா நிழல்! படம் வேறு, ஆள் வேறு என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

அதற்காக ஸ்கோருக்கும் கடுமைக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தால் ஸ்கோர் கூடக்கூட ஐ.சி.யூ.வும் மரணமும் கூடுகின்றன. ஆனால் சிகிச்சை ஆயிரம் பேருக்கில்லை, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு. ஸ்கோர் 12 உள்ள 30 வயது ஆட்டோ ஓட்டுநர் 97 ஆக்சிஜனோடு உட்கார்ந்து பேசுவார். அதே 12 உள்ள, முப்பது வருடம் பீடி பிடித்த 68 வயதுக்காரர் 86-இல் மூச்சிரைப்பார், ஏனென்றால் அவருக்குக் கையிருப்பாக ஆரோக்கியமான நுரையீரல் மிச்சமில்லை.

இந்திய வழிகாட்டுதல் 2021 ஏப்ரலில் கடுமையை வகுத்தபோது ஸ்கோரை அளவுகோலாக எடுக்கவில்லை. நிமிடத்துக்கு 24 அல்லது அதற்கு மேல் மூச்சு, அல்லது ஆக்சிஜன் 90 முதல் 93 என்றால் நடுத்தரம். 30-க்கு மேல் மூச்சு, அல்லது ஆக்சிஜன் 90-க்குக் கீழ் என்றால் கடுமை. ஒரு கடிகாரமும் ஆக்சிமீட்டரும் இருந்தால் கொருக்குப்பேட்டையில் ஒரே அறை வீட்டிலும் இதை அளக்கலாம்.

இந்த வித்தியாசம் ஏட்டோடு நிற்கவில்லை, உயிரோடு விளையாடியது. டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு பற்றிய பிரிட்டனின் ரெகவரி ஆய்வு 2020 ஜூனில் முடிவைச் சொன்னது. வென்டிலேட்டரில் இருப்பவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் இருப்பவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் அது குறைக்கிறது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயனில்லை, கெடுதல் நேரலாம் என்ற சாயலும் தெரிந்தது. அதாவது ஸ்டீராய்டு கொடுக்கலாமா என்பதைத் தீர்மானிப்பது ஆக்சிஜன் தேவை. 2021-இல் நம்மைச் சுற்றி நடந்தது வேறு. ஐந்தாம் நாள் ஸ்கேனில் 9 என்று வந்ததும், 97 ஆக்சிஜனோடு இருந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு எழுதப்பட்டது. சர்க்கரை எகிறியது. அந்த மே மாதத்திலேயே கருப்புப் பூஞ்சையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு அறிவித்தது. பூஞ்சைக்குக் காரணம் ஸ்கேன் மட்டுமில்லைதான். கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் தேவையில்லாத ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்கள். அந்தத் தேவையில்லாத ஸ்டீராய்டுக்குப் பல சமயம் சாக்காக இருந்தது ஸ்கோர்.

அப்படியானால் எப்போது எடுப்பது

முதலில் எக்ஸ்ரே. ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரியில் மட்டுமில்லை, சின்ன இடங்களிலும் கிடைக்கும். நகர முடியாதவரின் கட்டிலுக்கே கருவி வரும். ஆரம்ப நிமோனியாவை அது தவறவிடும் என்பது உண்மை. ஆனால் ஆரம்ப நிமோனியாவில், ஆக்சிஜன் நன்றாக இருக்கும்போது, சி.டி. புதிதாகக் கண்டுபிடித்துச் சொன்னாலும் பெரும்பாலும் சிகிச்சை மாறப்போவதில்லை.

சிகிச்சையை மாற்றக்கூடிய இடங்களில் சி.டி.க்கு இணையில்லை. மூச்சு வாங்குகிறது, எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, அங்கே எடுக்க வேண்டும். தேறி வந்தவருக்குத் திடீரென ஆக்சிஜன் சரிந்தால் நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். அதற்கு பிளெயின் ஸ்கேன் போதாது, நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கும் ஆஞ்சியோ வேண்டும், அதற்கு முன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை பார்ப்பார்கள். ஒரு வாரம் சிகிச்சைக்குப் பிறகும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் குழி விழுந்ததா, சீழ் கோத்ததா, காற்று கசிந்து நுரையீரல் சுருங்கியதா என்று அது காட்டும். எச்.ஐ.வி., புற்றுநோய் மருந்து, மாற்றுச் சிறுநீரகம் என்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குச் சீக்கிரமே எடுப்பது நல்லது. அவர்களுக்குப் பூஞ்சை வகை நிமோனியாக்கள் வைரஸ் போலவே நடிக்கும்.

கதிர்வீச்சைப் பற்றிய பயத்தையும் கொஞ்சம் அளந்துவிடலாம். 2021 மே 3 அன்று அப்போதைய எய்ம்ஸ் இயக்குநர் ரன்தீப் குலேரியா, ஒரு சி.டி. 300, 400 எக்ஸ்ரேவுக்குச் சமம் என்றார். அது பழைய கணக்கு என்று கதிரியக்க மருத்துவர்களின் சங்கம் மறுத்தது. வழக்கமான நெஞ்சு சி.டி. 5 முதல் 7 மில்லிசீவர்ட் (உடம்பில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை போகலாம். அளவைக் குறைத்து எடுத்தால் 1, 1.5-க்குள் முடிக்கலாம். நிமோனியாவுக்குக் குறைந்த அளவே போதும். நிலத்திலிருந்தும் வானத்திலிருந்தும் நமக்கு வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் எப்படியும் வருகிறது. ஒரு ஸ்கேனுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. மூன்று நாளைக்கு ஒரு முறை 'ஸ்கோர் குறைஞ்சுதா' என்று பார்க்க, அதுவும் இளம் வயதில், எடுப்பதுதான் வீண். கர்ப்பிணிகளுக்கு நெஞ்சு சி.டி.யில் வயிற்றிலுள்ள குழந்தைக்குப் போகும் அளவு மிக மிகக் குறைவு. உண்மையான தேவை இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் கர்ப்பம் என்பதை ஸ்கேன் அறையில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

குணமான பிறகு பலருக்குப் படத்தில் சில கோடுகளும் லேசான மங்கலும் மாதக்கணக்கில் நிற்கும். பெரும்பாலும் அவை தாமாகவே வடியும். மூச்சு சரியாக இருந்தால் மறு ஸ்கேன் வேண்டாம். 12 வாரம் கழித்து ஓர் எக்ஸ்ரே போதும், முக்கியமாக 50 வயதுக்கு மேற்பட்டவருக்கும் புகைப்பவருக்கும். அதிலும் நிழல் அதே இடத்தில் அப்படியே நின்றால், அல்லது படியேறும்போது இன்னும் மூச்சு வாங்கினால் அப்போது சி.டி. எடுக்கலாம். கூடவே சளியில் டி.பி. பரிசோதனையும். பழைய படம் பதிந்த குறுந்தகட்டையும் ரிப்போர்ட்டையும் தூக்கிப் போடாமல் கொண்டுபோங்கள். பழையதோடு ஒப்பிடாமல் எந்த நிபுணராலும் இது தழும்பா, புதிதாக வளர்வதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.